குடிப்பவருக்குக் கால் தளர்ந்தால்: மெக்னீசியக் குறைவைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

மன்னார்குடிப் பக்கமோ மயிலாடுதுறைப் பக்கமோ, பல வருஷமாகக் குடிக்கிற ஒருவருக்குக் கால் தளர்ந்துபோனால் வீட்டில் எழும் முதல் பேச்சு "நரம்புத் தளர்ச்சி". அடுத்தது பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸும் ஒரு சத்து ஊசியும். ஏற்றிக்கொண்டு வந்த அன்று கொஞ்சம் தெம்பாக இருக்கும், நாலு நாளில் பழையபடி படுத்துவிடுவார். கல்லீரல் பரிசோதனை எடுப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், ஸ்கேனும் எடுப்பார்கள். ரத்தத்தில் மெக்னீசியம் எவ்வளவு என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. கேட்டால்தான் பார்ப்பார்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மனைவி, மகன், மருமகள், தம்பி என்று கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கான வழிகாட்டி இது. எதைக் கவனிப்பது, எப்போது ஓடுவது, டாக்டரிடம் என்ன கேட்பது என்பதெல்லாம் இதில் உண்டு. மருந்தின் அளவை முடிவு செய்வது மட்டும் டாக்டரின் வேலை.

மெக்னீசியம் எப்படிப் போகிறது

ஒரு ஆளின் உடம்பில் மொத்தம் 25 கிராம் அளவுக்கு மெக்னீசியம் இருக்கும். பாதிக்கு மேல் எலும்பில், மீதியில் பெரும்பகுதி தசையிலும் மற்ற திசுக்களிலும். ரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தசை சுருங்குவதற்கும் சுருங்கியது விரிவதற்கும் இது வேண்டும். நரம்பு அடங்கி இருக்கவும் இதயம் தாளம் தப்பாமல் துடிக்கவும்கூட இது வேண்டும்.

குடிப்பவருக்கு இது பல வழியில் கசிகிறது. முதல் வழி சாப்பாடு. 180 மில்லி குவாட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால் எடையில் சுமார் 60 கிராம், கலோரி 400-க்கு மேல். அந்த 400 கலோரியில் சத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பசியை அடக்கிவிடும். ராத்திரி கொஞ்சம் மிக்சரும் ஊறுகாயும் தொட்டுக்கொண்டு படுத்துவிடுகிறவருக்கு உள்ளே போகும் மெக்னீசியம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி சிறுநீரகம். மெக்னீசியத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டிய நுண்குழாய்கள் குடியால் சோர்ந்துபோய், உடம்பிலேயே பற்றாக்குறை இருக்கும்போதும் அதைச் சிறுநீரில் விட்டுவிடுகின்றன. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: குடியை நிறுத்தினால் ஏறத்தாழ நான்கு வாரத்தில் இந்தக் கசிவு அடைபடுகிறது.

வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும் போவது வேறு. கணையம் கெட்டு எண்ணெய் மிதக்கிற மாதிரி மலம் போகிறவருக்கு, செரிக்காத கொழுப்பு மெக்னீசியத்தையும் சேர்த்து வெளியே கொண்டுபோய்விடும். கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவருக்கு நீர் இறங்கக் கொடுக்கும் ஃபுரோசமைடு மாத்திரை, வருஷக்கணக்கில் போடுகிற கேஸ் மாத்திரை, மலம் இளகக் கொடுக்கும் லாக்டுலோஸ் சிரப் அளவு மீறுவது, இவையும் குறைக்கும். நோய்க்காகக் கொடுக்கிற மருந்தே என்பதால் நிறுத்தச் சொல்லவில்லை. கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மெக்னீசியம் குறைந்தால் கூடவே பொட்டாசியமும் கால்சியமும் இறங்கும். பொட்டாசியம் சிறுநீரில் ஒழுகாமல் அடைத்து வைப்பதே மெக்னீசியம்தான். ஆகவே பொட்டாசியம் சிரப்பைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் அளவு ஏறவில்லை என்றால், மெக்னீசியத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கால்சியத்தைக் காப்பாற்றும் பாராதைராய்டு ஹார்மோனும் மெக்னீசியம் இல்லாமல் சரியாகச் சுரக்காது. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் நாள்பட்ட குடிநோயாளிகளில் பத்தில் மூன்று பேருக்கு ரத்த மெக்னீசியம் குறைவாக இருப்பதாக மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன.

படி 1: எந்த மாதிரித் தளர்ச்சி என்று வீட்டிலேயே பாருங்கள்

"தளர்ச்சி" என்று பொதுவாகச் சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. ஓரிரு நாள் கூர்ந்து பார்த்துவிட்டுப் போனால் பாதி வேலை முடியும்.

தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொல்லி, கை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். முடியாமல் தொடையைப் பிடித்துப் பிடித்து எழுகிறார், பஸ் படியில் ஏறக் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார், தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கை தூக்க முடியவில்லை என்றால், இடுப்பையும் தோளையும் ஒட்டிய பெரிய தசைகள் பலவீனம். குடியே நேரடியாகத் தசையை அரிப்பதிலும், மெக்னீசியம், பொட்டாசியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி குறைவதிலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நாலு வீடு தள்ளி நடந்து போகிறார், பாதம் எரிகிறது, மதமதவென்று இருக்கிறது என்றால் அது நரம்பு பாதிப்பு. வைட்டமின் பி குறைவும் குடியும் சேர்ந்து செய்வது. மெக்னீசியம் ஏற்றினால் மட்டும் இது போகாது. இரண்டும் ஒரே ஆளுக்கு இருப்பதும் சகஜம்.

மெக்னீசியக் குறைவின் தனி அடையாளம் தளர்ச்சியும் துடிப்பும் சேர்ந்தே இருப்பது. ராத்திரியில் கெண்டைக்காலில் குரக்களி இழுக்கும், கண் இமையும் தொடையும் தானாகத் துடிக்கும், கை நடுங்கும், உதட்டைச் சுற்றி ஊசி குத்தும். பி.பி. பார்க்கும்போது சில பேருக்கு இன்னொன்று தெரியும். பட்டையில் காற்றடித்து மேல் அளவுக்கும் 20 கூடுதலாக மூன்று நிமிஷம் வைத்திருந்தால், மணிக்கட்டு மடங்கி, விரல்கள் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போகும். வளையல் போட்டுக்கொள்ளக் கையைக் குவிப்பது போலவே இருக்கும். கால்சியமோ மெக்னீசியமோ குறைந்திருப்பதற்கான பழைய சோதனை இது. வீட்டு மெஷினில் செய்து பார்க்க வேண்டாம், வலிக்கும். ஆனால் பி.பி. பார்த்தபோது கை இப்படிக் கோணிக்கொண்டது என்றால் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நடுக்கத்தையும் பிரித்துப் பாருங்கள். கையை நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி உள்ளங்கையை முன்னால் காட்டச் சொல்லுங்கள். விரல்கள் மெல்ல அதிர்ந்தால் ஒரு ரகம். மணிக்கட்டே பட்டென்று விழுந்து எழுந்தால், கல்லீரல் கழிக்காத நச்சு மூளையைத் தொட ஆரம்பித்திருக்கிறது என்று பொருள். அப்புறம் வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்க நேரமில்லை.

படி 2: இவை இருந்தால் 108

வலிப்பு. நினைவு தடுமாறிப் பேசுவது, இல்லாத ஆளைக் காட்டிப் பேசுவது. நெஞ்சு படபடத்து மயங்கி விழுவது. ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம். வயிற்று நீரோடு காய்ச்சலும் வலியும். தசையெல்லாம் வலித்து வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போவது (தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள்). மூச்சு விடத் தசைக்குப் பலமில்லாமல் திணறுவது. கண் ஒரு பக்கம் நகராமல் நிற்பது அல்லது ஒன்று இரண்டாகத் தெரிவது, அதோடு கால் அகட்டித் தள்ளாடுவது.

கடைசியில் சொன்னது தயமின் எனும் பி1 வைட்டமின் அற்றுப்போனதன் அடையாளம். "போதை தெளியலை, தூங்கட்டும்" என்று விட்டால் நினைவாற்றல் திரும்பாமலே போகலாம். விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். குடிப்பவருக்கு மூளைக்கு மேல் ரத்தம் மெதுவாகக் கட்டி, ஒரு பக்கக் கை கால் மட்டும் சில நாள் கழித்துத் தளர்வது உண்டு.

படி 3: போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி நான்கிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. எங்கே போனாலும் சரி, அவர் போடும் எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். "வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை" என்று சொல்வதால் பயனில்லை. மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போட்ட கேஸ் கேப்சூலை முக்கியமாகக் காட்டுங்கள். பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் கலந்து வரும் கேப்சூலில் முன்னது நாள்பட மெக்னீசியத்தைக் குறைக்கக்கூடியது, பின்னது இதயத் துடிப்பின் மின் இடைவெளியை நீட்டக்கூடியது. மெக்னீசியம் குறைந்த இதயத்துக்கு இரண்டும் சேர்வது நல்லதல்ல.

குடி விவரத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். டாக்டர் கேட்டால் "எப்பவாவது சார்" என்று அவர் சொல்வார், பக்கத்தில் மனைவி தலை குனிந்து நிற்பார். ஒரு நாளைக்கு எத்தனை குவாட்டர், காலையிலேயே கட்டிங் உண்டா, கடைசியாகக் குடித்தது எப்போது, டாஸ்மாக் சரக்கா காரைக்கால் சரக்கா நாட்டுச் சரக்கா, எல்லாம் வேண்டும். அவர் எதிரில் சொல்லச் சங்கடமாக இருந்தால் சிஸ்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் ஏறிவிடும்.

படி 4: ரத்தப் பரிசோதனையில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியவை

வழக்கமான "எலக்ட்ரோலைட்" சீட்டில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு வரும். மெக்னீசியமும் பாஸ்பரஸும் பெரும்பாலும் வராது, தனியாக எழுதித்தர வேண்டும். ஆகவே, "சார், மெக்னீசியமும் பாஸ்பரஸும் சேர்த்துப் பார்த்துடலாமா?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எழுதித் தருவார்.

இவற்றோடு பொட்டாசியம், கால்சியம், அல்புமின் (கல்லீரல் செய்யும் ரத்தப் புரதம்), சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை, தசை உடைவைக் காட்டும் சி.கே., கல்லீரல் பரிசோதனை, ரத்தம் உறையும் நேரம், இ.சி.ஜி.

பெரும்பாலான லேப்களில் மெக்னீசியம் டெசிலிட்டருக்கு 1.7 முதல் 2.3 மில்லிகிராம் வரை சரி என்று போட்டிருக்கும். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். 1.2-க்குக் கீழே போனால்தான் துடிப்பும் இழுப்பும் வலிப்பும் வழக்கமாகத் தலைகாட்டும். இரண்டு நுணுக்கம் இங்கே உண்டு. ரத்த மெக்னீசியத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட அல்புமினோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. கல்லீரல் கெட்டு அல்புமின் இறங்கியவருக்கு எண் கொஞ்சம் குறைத்தே காட்டும். இதற்கு நேர்மாறானது அதைவிட முக்கியம். இருப்பில் பெரும்பகுதி எலும்பிலும் தசையிலும் இருப்பதால், எண் "நார்மல்" என்று வந்தும் உள்ளே பஞ்சமாக இருக்கலாம். நீண்ட நாள் குடி, வயிற்றுப்போக்கு, குரக்களி, ஏறாத பொட்டாசியம் எல்லாம் சேர்ந்திருந்தால், 1.8 என்ற எண்ணை மட்டும் பார்த்து விட்டுவிட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பல டாக்டர்களும் இந்த நிலையில் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெக்னீசியம் கொடுத்துப் பார்ப்பார்கள்.

படி 5: குளுக்கோஸ் பாட்டிலுக்கு முன்னால்

வழிகாட்டியில் ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

குளுக்கோஸ் உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கும். அது மெக்னீசியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் மூன்றையும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே அடிமட்டத்தில் இருப்பவருக்கு ரத்த அளவு இன்னும் சரியும். அதோடு, குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். கையிருப்பில் இருந்த கொஞ்சமும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். சத்து ஊசி என்று போடும் பி-காம்ப்ளெக்ஸில் தயமின் கொஞ்சம் இருந்தாலும் இந்த நிலைக்கு அது போதாது. ஆகவே குடிப்பவருக்குத் தயமின் ஊசியை முன்னாலோ கூடவோ கொடுத்துவிட்டே குளுக்கோஸ் ஏற்றுவது வழக்கம். சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடப்பவருக்கு மட்டும் தயமினுக்காகக் காத்திருக்கக் கூடாது. குளுக்கோஸ் உடனே போக வேண்டும், தயமின் கையோடு தொடர வேண்டும்.

தயமின் வேலை செய்யவே மெக்னீசியம் வேண்டும் என்பது இன்னொரு முடிச்சு. தயமின் போட்டும் தடுமாற்றம் தெளியவில்லை என்றால் மெக்னீசியத்தைப் பார்ப்பது அதனால்தான்.

கிளினிக்கில் கேட்க ஒரே வாக்கியம் போதும்: "இவங்க தினமும் குடிப்பாங்க, தயமின் போட்டுட்டு ஏத்துறீங்களா டாக்டர்?"

படி 6: குறைந்ததை நிரப்புவது

கடுமையாகக் குறைந்து வலிப்போ துடிப்புக் கோளாறோ இருந்தால் மெக்னீசியம் சல்பேட்டை நரம்பில் ஏற்றுவார்கள். பிரசவ நேர வலிப்புக்குப் போடுகிற அதே மருந்து, அதனால் அரிதான சரக்கு இல்லை. மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். வேகமாக விட்டால் பாதி அளவு சிறுநீரில் போய்விடும். "இன்னும் ஒரு பாட்டில் முடியலையா" என்று சிஸ்டரை அவசரப்படுத்தாதீர்கள். நடுநடுவே முழங்காலில் தட்டிப் பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கேட்பதும் அளவு மீறாமல் இருக்கத்தான். மீறினால் முதலில் முழங்கால் துள்ளல் மறையும், பிறகுதான் மூச்சு பாதிக்கும். மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் இருக்கிறது. சிறுநீரகம் கெட்டவருக்கு மெக்னீசியம் வெளியேறாமல் தங்கிவிடும் என்பதால் கிரியாட்டினின் பார்க்காமல் கொடுக்க மாட்டார்கள். கல்லீரல் முற்றியவருக்குச் சிறுநீரகமும் படுத்துவிடுவது உண்டு. கடையில் மெக்னீசியம் மாத்திரை வாங்கி நீங்களாகப் போடக் கூடாது என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

மிதமான குறைவுக்கு மாத்திரை. மெக்னீசியம் ஆக்சைடு மலிவு, ஆனால் வயிற்றைக் கலக்கும். கலக்கினால் உள்ளே போனதும் வெளியே வந்துவிடும். அளவைப் பிரித்துச் சாப்பாட்டோடு போடச் சொல்வார்கள், அல்லது வேறு வகைக்கு மாற்றுவார்கள். வயிற்று நீரில் கிருமி வராமல் இருக்க சிப்ரோஃபிளாக்சசின், நார்ஃபிளாக்சசின் போடுகிறவர்கள், அதை முதலில் போட்டுவிட்டு இரண்டு மணி நேரத்துக்குமேல் கழித்து மெக்னீசியம் போட வேண்டும். ஒன்றாகப் போட்டால் அந்த மருந்து உடம்பில் ஏறாது.

ரத்த அளவு சில நாளில் சரியாகிவிடும். எலும்பும் தசையும் நிரம்ப வாரக்கணக்கு ஆகும். ரிப்போர்ட் நார்மல் என்றதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் திரும்ப இறங்கும்.

கால் வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக் ஊசி மட்டும் வேண்டாம். கல்லீரல் சுருங்கியவரின் சிறுநீரகத்தை அது முடக்கிவிடும்.

படி 7: குடியை நிறுத்துவது, ஆனால் திடீரென்று அல்ல

கசிவு அடைபட வேண்டுமானால் குடி நிற்க வேண்டும். அதில் பேச்சே இல்லை. ஆனால் கண் விழித்ததும் கை நடுங்கி ஒரு கட்டிங் போட்டால்தான் அடங்குகிறது என்கிற ஆள், வீட்டில் திடீரென்று நிறுத்தக் கூடாது. 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனம் பிதற்றி உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரலாம். மெக்னீசியம் குறைந்தவருக்கு இந்த நாட்களில் அது இன்னும் கீழே போகும்.

கார்த்திகையில் மாலை போடுவதும், கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும் நம் ஊரில் பல பேரை நிறுத்தவைக்கின்றன. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. மாலை போடும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவில் போதை மீட்பு சிகிச்சை உண்டு. அங்கே நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து, தயமின் போட்டு, நாள் நாளாக இறக்குவார்கள். கயிறு கட்டிய பிறகு வலிப்பு வந்தால் அது சாமி குத்தம் இல்லை, 108-ஐக் கூப்பிடுங்கள். யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்றால் 14446 போதை மீட்பு உதவி எண்ணும், 14416 டெலி-மானஸ் எனும் மனநல உதவி எண்ணும் இருக்கின்றன.

படி 8: சோற்றுக்குப் பக்கத்தில் என்ன வைப்பது

நெல்லில் மெக்னீசியம் பெரும்பாலும் தவிட்டில்தான் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 20, 30 மில்லிகிராம்தான் தேறும். ஒரு நாள் தேவை ஆண்களுக்கு 400 மில்லிகிராம் அளவில். மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் ரசமும் என்றால் எட்டாது.

எட்ட வைக்கும் பொருள் வயலிலேயே விளைகிறது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரத்தில் தெளித்துவிடும் உளுந்தும் பச்சைப்பயறும் 100 கிராமில் 150 மில்லிகிராமுக்கு மேல் மெக்னீசியம் கொண்டவை. எள்ளில் அதைப்போல் இரண்டு மடங்கு. கேழ்வரகு, கம்பு, நிலக்கடலை, கீரைகள் எல்லாம் நல்ல சேர்க்கை. வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர நட்டிருக்கும் அகத்தியையும் முருங்கையையும் ஆய்ந்து சமைக்கக் காசும் ஆகாது. தோலோடு முழு உளுந்தில் களி, முளைகட்டிய பயறுச் சுண்டல், எள்ளுப்பொடி போட்ட இட்லி என்று தினம் ஒன்று வைத்தாலே பெரிய மாற்றம்.

பல நாள் சரியாகச் சாப்பிடாதவருக்கு முதல் நாளே வயிறு நிறையப் போடாதீர்கள். பட்டினிக்குப் பின் திடீர் விருந்தில் பாஸ்பரஸும் மெக்னீசியமும் பொட்டாசியமும் சரிந்து இதயம் பாதிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், அந்த வாரம் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

"கல்லீரல் கெட்டவருக்குப் பருப்பு, முட்டை ஆகாது" என்ற பத்தியம் தசையைத் தின்றுவிடும். சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) உள்ளவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 72 முதல் 90 கிராம். அம்மோனியா எனும் நச்சைக் கழிப்பதில் கல்லீரலுக்குத் துணை தசைதான், அதைக் கரையவிட்டால் மூளைக் குழப்பம் இன்னும் சீக்கிரம் வரும். ராத்திரி வெறும் வயிற்றோடு நீண்ட நேரம் இருக்கவிடக் கூடாது. படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் இரண்டு இட்லியுமாவது கொடுங்கள்.

வயிற்றில் நீர் இருந்தால் உப்பு குறைய வேண்டும். நாகப்பட்டினத்துக் கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றும் ஓரம் போகட்டும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் ஏராளம். பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் எனும் நீர் மாத்திரை போடுகிறவரும் சிறுநீரகம் பாதித்தவரும் டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது.

படி 9: பிறகு எப்போது பார்ப்பது

மாத்திரை தொடங்கி ஒரு வாரத்தில் மெக்னீசியம், பொட்டாசியம், கிரியாட்டினின். அப்புறம் டாக்டர் சொல்லும் இடைவெளியில், நீர் மாத்திரையின் அளவு மாறும்போதெல்லாம் இன்னொரு முறை. கேஸ் மாத்திரை இன்னும் தேவையா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

பலத்தை அளக்க மெஷின் வேண்டாம். நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்து அரை நிமிஷத்தில் எத்தனை தடவை எழ முடிகிறது என்று வாரம் ஒரு நாள் எண்ணிக் காலண்டரில் எழுதி வையுங்கள். துடிப்பும் குரக்களியும் முதலில் போகும். குடியால் அரித்த தசை தேற மாதக்கணக்கில் ஆகும், முழுதாகத் தேற ஒரு வருஷம்கூட ஆகலாம். நாலு அடி நடப்பதில் ஆரம்பித்து வாய்க்கால் கரை வரை போய் வரட்டும், படுக்கையிலேயே வைத்திருந்தால் இருக்கும் தசையும் போகும்.

குடி நின்று, மெக்னீசியமும் பொட்டாசியமும் சரியாகி, மூன்று மாதமாகியும் அந்த எண்ணிக்கை ஏறவே இல்லை என்றால் வைட்டமின் டி, பி12, தைராய்டு, நரம்பு மின்சோதனை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சிரோசிஸ் உறுதியானவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டியது தனிக் கணக்கு. கால் தேறிவிட்டது என்று அதை விட்டுவிடக் கூடாது.